ஒரு துப்பாக்கியின் வயது

ஹிஜ்ரி ஐந்தாம் நூற்றாண்டில் பக்தாது நகரில் ஒரு கடிதம் வெளிப்பட்டது. கைபர் வாசிகளுக்கு ஜிஸ்யா வரியினின்றும் விலக்களித்து நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எழுதுவித்தது எனச் சொல்லப்பட்ட கடிதம் அது. அதன் அடியில் நபித்தோழர்கள் சிலரின் சாட்சியமும் இருந்தது. அப்பாஸிய அமைச்சர் இப்னுல் முஸ்லிமா அதனை ஹதீஸ்கலை மேதை கதீப் பக்தாதி (ரஹ்) அவர்களிடம் காட்டினார். அன்னார் படித்துப் பார்த்துவிட்டு, இது புனையப்பட்டது என்றார்கள். காரணம் கேட்டபோது ஆண்டுக் கணக்கைத்தான் காரணமாகச் சொன்னார்கள். கைபர் வெற்றி நிகழ்ந்தது ஹிஜ்ரி 7இல். சாட்சிகளுள் ஒருவராகக் குறிக்கப்பட்ட முஆவியா (ரலி) அவர்கள் இஸ்லாத்தைத் தழுவியது மக்கா வெற்றியின்போது, ஹிஜ்ரி 8இல். மற்றொரு சாட்சியான ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அகழ்ப்போருக்குப் பின் ஹிஜ்ரி 5இலேயே மறைந்துவிட்டார்கள். ஒருவர் இன்னும் வந்து சேரவில்லை. மற்றவரோ முன்பே விடைபெற்றுவிட்டார். பின் இருவரும் சேர்ந்து கையொப்பமிட்டது எங்ஙனம்?

தாளின் பழுப்பு நிறமும் எழுத்தின் கம்பீரமும் ஒரு பொருளின் வயதைச் சொல்லிவிடுவதில்லை. அதனுள்ளே இருக்கும் செய்திகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே வழி. நம் மதரஸாக்களில் ஓதும் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் நாம் கற்பித்துவரும் பாடம் இது. அறிவிப்பாளர் எப்போது பிறந்தார், எப்போது மறைந்தார், யாரைச் சந்தித்திருக்க முடியும், யாரைச் சந்தித்திருக்க முடியாது என்பதையெல்லாம் கணக்கிட்டே ஹதீஸ்களின் தரத்தை நம் முன்னோர் நிறுத்தனர். அந்தப் பாடம் ஒருநாள் ஒரு வேட்டைத் துப்பாக்கியைப் படிப்பதற்கும் பயன்படும் என்று நாம் எண்ணியதில்லை.

செய்தி இதுதான். நம் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் தொண்ணூறு வயதைக் கடந்து 2022இல் மறைந்தார். மனைவி அவருக்கு முன்பே காலமாகிவிட்டார். இரண்டு ஆண்மக்களும் ஒரு பெண்ணும் வாரிசுகள். பாகப்பிரிவினைக் கணக்குப் பார்த்துத் தருமாறு நம்மை அழைத்திருந்தனர். நிலம், வீடு, கடை என எல்லாம் சிக்கலின்றி முடிந்தன. எஞ்சியது ஒரு பழைய பம்பு துப்பாக்கி. உரிமம் பெற்றவர் இறந்தபின் ஆயுதத்தை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றமாதலால் அதனை நகரத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடையொன்றில் ஒப்படைத்திருந்தனர். அதையும் விற்றுப் பணத்தைப் பங்கிட்டுக் கொள்வதென்று பிள்ளைகள் முடிவு செய்தபோது, இறந்தவரின் தங்கை வாய் திறந்தார். “அது எங்க வாப்பா துப்பாக்கி. அதிலே எனக்கும் ஹக்கு உண்டு” என்றார்.

தந்தையின் சகோதரியை மாமி என்பது நம் வழக்கு. அந்த மாமிக்கும் வயது தொண்ணூறை நெருங்குகிறது. பிள்ளைகள் மரியாதையோடுதான் மறுத்தனர். பாட்டனாரிடம் ஒரு துப்பாக்கி இருந்தது உண்மையே. அது பழுதாகிச் சென்னைப் பட்டணத்துக்குப் போயிற்று. அங்கே அதனைத் தள்ளிவிட்டுத் தம் தந்தை தம் சொந்தப் பணத்தில் வேறொன்று வாங்கினார் என்பது அவர்கள் கட்சி. 1958ஆம் ஆண்டுப் பில் ஒன்றைக் காட்டினர். பில்லில் வின்செஸ்டர் என்ற பெயரும், 12 போர் என்ற அளவும், ஓர் எண்ணும் இருந்தன. தந்தையின் உரிமப் புத்தகங்களிலும் அதே எண். மாமியோ தம் தகரப் பெட்டியிலிருந்து 1936ஆம் ஆண்டு உரிமத் தாளொன்றை எடுத்துத் தந்தார். பாட்டனார் பெயருக்கு வெள்ளையர் ஆட்சியில் வழங்கப்பட்டது. அதிலும் வின்செஸ்டர்தான், 12 போர்தான், ஆனால் எண் வேறு.

மார்க்கச் சட்டத்தில் இந்த வேறுபாடு சிறிதன்று. பாட்டனார் 1944இல் மறைந்தபோது மனைவியோ பெற்றோரோ இல்லை. ஒரு மகனும் ஒரு மகளுமே வாரிசுகள். மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒரு பங்கு. அப்போது பங்கிடாமல் விட்ட பொருள், மகனின் மறைவுக்குப் பின் அடுத்த தலைமுறைக்கு இறங்கும்போது ‘முனாஸகா’ என்னும் தொடர்வாரிசுக் கணக்கில் வரும். துப்பாக்கி பாட்டனாருடையதென்றால் அதனைப் பதினைந்து கூறாக்கி, மாமிக்கு ஐந்தும், ஆண்மக்கள் இருவருக்கும் நான்கு நான்கும், பெண்ணுக்கு இரண்டும் தரவேண்டும். இறந்தவர் தாமே வாங்கியதென்றால் ஐந்தே கூறு. பிள்ளைகளுக்கு இரண்டு, இரண்டு, ஒன்று. ஆண்மக்கள் இருக்கச் சகோதரிக்கு ஒன்றுமில்லை. ஆக, ஒரு துப்பாக்கியின் வயதே ஒரு மூதாட்டியின் உரிமையைத் தீர்மானிக்கும் என்றாயிற்று. அதனினும் மேலாக, தம் குழந்தைப் பருவத்தைப் பற்றி அவர் சொல்வது உண்மையா, முதுமையின் தடுமாற்றமா என்பதும் அதனோடு ஒட்டிக்கொண்டது.

நாம் துப்பாக்கி பிடித்தவரல்லர். ஆனால் கடைக்காரர் அத்தொழிலிலேயே நரைத்தவர். முதலில் அதைத் திறந்து உள்ளே தோட்டா இல்லையென்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொண்ட பின்னரே மேசைமீது கிடத்தினார். எவ்வளவு பழையதாயினும், எத்தனை ஆண்டு சும்மா கிடந்ததாயினும், நிரப்பியிருப்பதாகவே எண்ணிக் கையாள வேண்டும் என்பது அவர்களின் முதல் விதி.

துப்பாக்கி என்ற சொல் நமக்குத் துருக்கியர் வாயிலாக வந்தது. அரபியர் அதனை ‘புந்துகிய்யா’ என்பர். ‘புந்துக்’ என்பது ஒருவகைக் கொட்டைக்குப் பெயர். அதன் வடிவம்பற்றி, வில்லில் வைத்தெறியும் களிமண் உருண்டைக்கும் அப்பெயர் ஆயிற்று. ‘12 போர்’ என்ற அளவும் உருண்டைக் கணக்கே. ஒரு ராத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் ஓர் உருண்டை எவ்வளவு பருமனோ, அதுவே குழலின் உள்விட்டம், ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். எண் கூடக்கூடக் குழல் சிறுக்கும். 20 போர் 12 போரினும் சிறியது.

பம்பு துப்பாக்கி அமெரிக்க நாட்டின் கண்டுபிடிப்பு. கிறிஸ்டோபர் ஸ்பென்சர் என்பவர் 1882இல் அதனை வெற்றிகரமாகச் செய்து காட்டினார். அதனைப் பேர்பெறச் செய்தவர் யூட்டா மாநிலத்து ஆக்டன் நகரில் பிறந்த ஜான் பிரௌனிங். அவர் வரைந்து கொடுத்ததைக் கனெக்டிகட் மாநிலத்து நியூஹேவன் நகரில் வின்செஸ்டர் கம்பெனியார் 1893இல் வெளியிட்டனர். புகையில்லா மருந்தின் வேகத்துக்கு அது போதிய வலுவுடையதாக இல்லாமையால் திருத்திச் செய்ததே 1897 மாடல். குழலுக்கு அடியில் இணையாக ஒரு நீண்ட குழாய். தோட்டாக்கள் அதனுள் வரிசையாக நிற்கும். முன்கைப்பிடியைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். அடுத்த தோட்டா மேலெழும். முன்னுக்குத் தள்ளினால் அது குழலுள் புகுந்து பூட்டிக்கொள்ளும். இம்மாடலின் தனி அடையாளம், பின்புறத்தில் வெளியே தெரியும் குதிரை. 1912இல் வின்செஸ்டரே வெளியிட்ட அடுத்த மாடலில் குதிரை எஃகுக் கூட்டினுள் மறைந்துவிட்டது. எனவே தொலைவிலிருந்து நோக்கினும் இரண்டையும் பிரித்தறியலாம்.

வயல் வரப்பில் பறவை சுடுவதற்கென வந்த இப்பொருளே முதல் உலகப்போரில் அமெரிக்கப் படையுடன் பதுங்குகுழிகளுக்கும் போயிற்று. 1918 செப்டம்பரில் ஜெர்மானிய அரசு அதன் கொடுமையைக் கண்டித்து முறையீடே அனுப்பியது. விசையை அழுத்தியபடியே முன்கைப்பிடியை இயக்கினால், குழல் பூட்டும்போதெல்லாம் குண்டு பாயும் அமைப்பு இதில் உண்டு. பின்னாளில் வந்த துப்பாக்கிகள் பலவற்றில் அதைத் தடுக்கும் உறுப்பு சேர்க்கப்பட்டது. பழைய பம்பு துப்பாக்கியைக் கையில் எடுப்போர் அறிந்திருக்கவேண்டிய செய்தியாதலால் இதனை இங்கே சொல்லி வைக்கிறோம்.

இனி வயதுக்கு வருவோம். உடன் வந்த பேரப்பிள்ளைகளுள் ஒருவர் முன்கைப்பிடியோடு சேர்ந்த தண்டில் பொறித்திருந்ததைப் படித்தார். ‘மாடல் 1897’ என்றிருந்தது. “அப்படியானால் இது 1897இல் செய்தது” என்றார். மற்றொருவர் அதனருகில் நவம்பர் 25, 90 என்றும், டிசம்பர் 6, 92 என்றும் பொறித்திருப்பதைக் கண்டு, “இல்லை, 1890இல் செய்தது” என்றார். 1897இல் பிறந்த மாடலின் பெயரைத் தாங்கிய துப்பாக்கி அதற்கு ஏழாண்டு முன்பே எப்படிப் பிறந்திருக்கும்? கதீப் பக்தாதியின் கேள்வி இங்கேயும் எழுகிறதல்லவா? அந்தத் தேதிகள் பிரௌனிங்கின் பேட்டண்ட் உரிமைகள் பதிவான நாள்கள். துப்பாக்கியின் பிறந்தநாள்கள் அல்ல. 1897 என்பதோ மாடலின் பெயர். அம்மாடல் 1957 வரை அறுபது ஆண்டுகள் தொடர்ந்து, பத்து இலட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. முதலாவதாகச் செய்ததும் கடைசியாகச் செய்ததும் அந்த ஒரே பெயரைத்தான் தாங்கி நிற்கும்.

பொறித்த எண்ணெல்லாம் ஆண்டென்றும், ஆண்டெல்லாம் நாமறிந்த ஆண்டென்றும் கொள்வது எவ்வளவு பிழை என்பதற்குத் திப்பு சுல்தான் காலத்து நாணயங்களும் துப்பாக்கிகளும் நல்ல சான்று. சுல்தான் ஹிஜ்ரியை விட்டு மவ்லூதி என்றொரு புதிய ஆண்டுமுறையை வகுத்தார். மவ்லூதி 1215 என்பது கி.பி. 1787-88. அதனை ஹிஜ்ரி 1215 என்று படிப்பவருக்குக் கி.பி. 1800-01 என்று வரும். சுல்தான் ஷஹீதானதோ 1799 மே 4ஆம் நாள். அவர் மறைந்த மறு ஆண்டில் அவர் பெயரால் நாணயம் அடித்ததாக முடியும்! எண்ணைப் படிப்பது எளிது. எந்தக் கணக்கில் வைத்த எண் என்பதை அறிவதே கல்வி.

அப்படியானால் துப்பாக்கியின் வயதை எதைக்கொண்டு அறிவது? முதற்சான்று வரிசை எண். வின்செஸ்டர் கம்பெனியார் ஒவ்வொரு துப்பாக்கிக்கும் ஓர் எண்ணைத் தொடர்ச்சியாக இட்டுவந்தனர். எந்த எண் எந்த ஆண்டினது என்று காட்டும் பட்டியல்கள் அச்சிலுள்ளன. கம்பெனியின் பழைய பேரேடுகளில் எஞ்சியவை வையோமிங் மாநிலத்து கோடி நகர அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. இரண்டாவது சான்று சோதனை முத்திரை. நீள்வட்டத்துக்குள் டபிள்யூ, பி என்ற இரண்டு எழுத்துகளும் பிணைந்த வின்செஸ்டர் முத்திரை 1905இல் வழக்கிற்கு வந்தது. அஃதிருப்பின் அதற்கு முந்தியதாக இராது. மூன்றாவது, ஆங்கிலேயரின் பரிசோதனைச் சாலை முத்திரை. இங்கிலாந்து வழியாக விற்பனைக்குப் போன அயல்நாட்டுத் துப்பாக்கிகளில் 1925 முதல் 1955 வரை ‘ஆங்கிலேயர் செய்ததன்று’ என்ற பொருளில் ‘நாட் இங்கிலீஷ் மேக்’ என்று பொறித்தனர். 1955 முதல் பர்மிங்காம் சாலையார் கிரீடத்தின்கீழ் பி, என், பி என்ற மூன்றெழுத்து முத்திரையை இட்டனர்.

ரெமிங்டன் என்ற மற்றொரு அமெரிக்கக் கம்பெனியார் செய்த ஏற்பாடு நமக்கு இன்னும் சுவையானது. 1921 முதல் அவர்கள் குழலில் மாதத்துக்கு ஓரெழுத்தும் ஆண்டுக்கு ஓரெழுத்தும் பொறித்தனர். கருமருந்துக்கு ஆங்கிலத்தில் ‘பிளாக் பவுடர்’ என்று பெயர். அதன் பதினோரு எழுத்துகளோடு எக்ஸ் என்ற எழுத்தையும் கூட்டிப் பன்னிரண்டாக்கி, முதலெழுத்து ஜனவரி, கடைசி எழுத்து டிசம்பர் என்று வைத்துக்கொண்டனர். அப்ஜத் எழுத்தெண்ணில் ஆண்டைப் பொதிந்து வைத்த நம் புலவர்களின் உத்தியே அமெரிக்கப் பட்டறையிலும் நடந்திருக்கிறது! ஆனால் ஒன்றை மறவாதிருக்க வேண்டும். அந்த எழுத்துகள் குழல் பிறந்த மாதத்தைத்தான் சொல்லும். துப்பாக்கி பிறந்த மாதத்தைச் சொல்லா. ஏனெனில் பம்பு துப்பாக்கியில் குழலைக் கழற்றி வேறு குழல் மாட்ட முடியும்.

இந்தக் கடைசிச் செய்திதான் நம் வழக்கின் திறவுகோலாயிற்று. 1897 மாடலில் பிரித்து மாட்டும் வகை உண்டு. அடிக்குழாயைக் கால் சுற்றுத் திருப்பி முன்னே இழுத்துவிட்டால், குழற்பகுதியையும் திருப்பி எஃகுக் கூட்டிலிருந்து தனியே எடுத்துவிடலாம். அவ்வகையில் வரிசை எண்ணை ஓரிடத்தில் பொறிப்பதோடு நில்லார்கள். கூட்டின் அடியில் ஒருமுறையும், அதனை ஒட்டியுள்ள குழலின் அடிவளையத்தில் ஒருமுறையுமாக இருமுறை பொறிப்பார்கள். ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே இருக்கின்றனவா என்று பார்க்கும் ஏற்பாடு அது. கடைக்காரர் துப்பாக்கியைக் கவிழ்த்தார். வளையத்தில் இருந்த எண் பளிச்சென்று தெரிந்தது. பில்லிலும் தந்தையின் உரிமத்திலும் இருந்த எண் அதுவே. பிள்ளைகள் முகம் தெளிந்தது. அவர் அதோடு விடாமல், கூட்டின் அடியில் பல்லாண்டு காலமாகப் படிந்து இறுகிப்போயிருந்த எண்ணெய்க் கசட்டைத் துணியால் துடைத்துத் துடைத்து விளக்கைச் சாய்த்துப் பிடித்தார். தேய்ந்த இலக்கங்கள் மெல்லத் தோன்றின. அந்த எண் வேறு. மாமியின் 1936ஆம் ஆண்டு உரிமத்தை அருகில் வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒத்துப் பார்த்தோம். ஆறும் பொருந்தின.

பட்டியலைப் பார்த்தபோது, கூட்டின் எண் முதல் உலகப்போருக்குச் சற்று முந்திய ஆண்டுகளில் விழுந்தது. அடிவளையத்தின் எண் இரண்டாம் உலகப்போருக்குப் பிந்தியது. பாட்டனார் மறைந்தது 1944இல் என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்க. கூட்டில் நீள்வட்ட முத்திரை இருந்ததால் 1905க்குப் பிந்தியது என்பதும் ஒத்துவந்தது. குழலிலோ ‘நாட் இங்கிலீஷ் மேக்’ என்பது இல்லை. பர்மிங்காமின் மூன்றெழுத்து முத்திரை இருந்தது. எனவே அது 1955க்குப் பின்னரே இங்கிலாந்தைக் கடந்து வந்திருக்கிறது. 1958ஆம் ஆண்டுப் பில்லுக்கு அது நன்கு பொருந்துகிறது. முன்கைப்பிடியும் தண்டும் பழையனவே. அவற்றைப் புதுக் குழலோடு இணைத்திருக்கின்றனர்.

பில்லை மறுபடியும் வாங்கிப் பார்த்தோம். கீழ்வரிசையில் மங்கிய எழுத்தில் ‘பிட்டிங்’ என்று தனியே ஒரு கூலி போட்டிருந்தது. அதுவரை எவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. முழுத் துப்பாக்கி வாங்கியவரிடம் பொருத்துக் கூலி வாங்குவானேன்? பழைய உடலில் புதிய குழலைப் பொருத்தினால்தான் அக்கூலி உண்டு. சாட்சியை வெளியே தேடிக்கொண்டிருந்தோம். அது அவர்கள் காட்டிய தாளிலேயே இருந்தது.

மூத்த பிள்ளை ஒரு நியாயமான கேள்வியை எழுப்பினார். “வாப்பாவின் உரிமம் அறுபது ஆண்டுகளாகப் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறையும் அதிகாரிகள் இந்த எண்ணைத்தானே எழுதியிருக்கிறார்கள்? அத்தனை பேருமா தவறியிருப்பார்கள்?” ஹதீஸ்கலை பயின்றவர்களுக்கு இதற்கு விடை தெரியும். ஒரு செய்தியை இருபது பேர் சொன்னால் அது இருபது சாட்சிகள் ஆகிவிடாது. அந்த இருபது பேரும் ஒரே மனிதரிடமிருந்து கேட்டவர்களாயின் சாட்சி ஒருவரே. மற்றவர்கள் அவருடைய எதிரொலிகள். 1958இல் எழுத்தர் ஒருவர் பில்லைப் பார்த்து எண்ணை எழுதியிருக்கிறார். அடுத்து வந்தவர் முந்திய புத்தகத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார். அதற்கடுத்தவர் அதனைப் பார்த்து. துப்பாக்கியைக் கவிழ்த்துப் பார்த்தவர் எவருமில்லை. மாமியின் தாளோ அந்தச் சங்கிலியில் சேராத தனிவழி. அது பொருளின்மீதே பொறித்த எண்ணோடு நேரே ஒத்துப்போகிறது.

ஆயினும் மாமி சொன்னதே உண்மை, பிள்ளைகள் சொன்னது பொய் என்று நாம் தீர்ப்பளிக்கவில்லை. இரண்டு செய்திகள் முரண்படுவதுபோல் தோன்றினால், ஒன்றைத் தள்ளுவதற்கு முன் இரண்டையும் இணைத்துப் பொருள்கொள்ள இயலுமா என்று பார்க்கவேண்டும். அதற்கு ‘ஜம்உ’ என்று பெயர். அது முடியாதபோதுதான் ஒன்றை மற்றொன்றினும் வலிதென்று கொள்ளும் ‘தர்ஜீஹ்’ வரும். இங்கே இணைப்பதற்கு வழி துலக்கமாகவே இருந்தது. துப்பாக்கி பட்டணத்துக்குப் போனது உண்மை. வேறொன்று வந்ததுபோல் திரும்பியதும் உண்மை. பாட்டனாரின் துப்பாக்கி அது என்பதும் உண்மை. தந்தை தம் பணத்தைச் செலவிட்டதும் உண்மை. மாமி பேசியது உடலைப் பற்றி. பிள்ளைகள் பேசியது குழலைப் பற்றி. ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த பாதியை முழுமை என்று எண்ணியிருந்தனர்.

பாட்டனார் அதனை யாரிடம் வாங்கினார் என்பதற்கு எந்த முத்திரையும் விடை சொல்லாது. ரங்கூனில் வாணிபம் செய்தபோது வாங்கினார் என்று மாமி சொன்னார். செய்த ஆண்டுக்கும் உரிமத்தின் ஆண்டுக்கும் இடையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருப்பதால், பிறர் கைமாறி வந்ததாகவே இருக்கவேண்டும். பொருளின் வயது என்பது உரிமையின் வயதன்று. எண்ணும் முத்திரையும் ‘இதற்கு முன் இருக்க முடியாது’ என்பதைத்தான் அறுதியிட்டுச் சொல்லும். யாருடைய கையில் இருந்தது என்பதைச் சொல்ல மனிதச் சாட்சி வேண்டும், தாள் வேண்டும். துப்பாக்கி மட்டும் இருந்து அந்த 1936ஆம் ஆண்டுத் தாள் இல்லாதிருப்பின் நாம் எதனையும் தீர்மானித்திருக்க இயலாது.

கடைக்காரர் உடலுக்குத் தனியாகவும் குழலுக்குத் தனியாகவும் விலை மதித்தார். குழல் பிரித்தெடுக்கக் கூடியது; தந்தையின் சொந்தப் பணத்தில் வந்தது. எனவே அதன் விலையை ஐந்து கூறாக்கிப் பிள்ளைகளுக்கு மட்டும் வைத்தோம். கூடு, கட்டை, தண்டு ஆகியவற்றின் விலையைப் பதினைந்து கூறாக்கி ஐந்து கூற்றை மாமிக்கு ஒதுக்கினோம். எண்கள் மாறிக் கிடக்கும் துப்பாக்கிக்கு, பழம்பொருள் சேர்ப்போரிடம் மதிப்புக் குறைவு. போதாததற்கு 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின் வேட்டைத் துப்பாக்கியைத் தேடி வாங்குவோரும் அருகிவிட்டனர். மாமியின் பங்கு ஒரு மாத மருந்துச் செலவுக்கும் காணாது. உரிமத்தில் உள்ள எண்ணைத் திருத்த விண்ணப்பிக்க வேண்டும் என்றும், அது முடியும்வரை விற்கலாகாது என்றும் கடைக்காரர் சொல்லியனுப்பினார்.

அன்று மாலையே முடிவைச் சொல்ல மாமியின் வீட்டுக்குப் போனோம். கணக்கை விளக்கியபோது அவர் அவ்வளவாகச் செவிகொடுக்கவில்லை. “பங்கு இருக்கட்டும் ஆலிம்சா. அது எங்க வாப்பா வீட்டிலே இருந்திச்சுன்னு இந்தப் பிள்ளைங்க ஒப்புக்கிட்டாங்களா?” என்று கேட்டார். ஒப்புக்கொண்டார்கள் என்றோம். உள்கூடத்துக் கதவுக்கு மேலே இரண்டு ஆணிகளில் அது கிடந்ததையும், பஜ்ருத் தொழுகைக்குப் பின் வாப்பா அதனை இறக்கித் துடைப்பதையும், எண்ணெய் வாடையையும், எட்டு வயதுச் சிறுமி கிட்டே போனால் அதட்டுவதையும் அதன்பின் அவர் சொல்லலானார். தந்தையைப் பற்றி அவரிடம் எஞ்சியிருக்கும் நினைவுகள் மிகச் சில. அவற்றுள் ஒன்றைத்தான் ‘நீங்கள் சொல்வது வேறு துப்பாக்கி’ என்று அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறோம். மூத்த பிள்ளை எழுந்து போய் அவர் கைகளைப் பற்றிக்கொண்டு, “மாமி, மன்னிச்சுக்குங்க” என்றார்.

கொடுக்கல் வாங்கலை எழுதி வைத்துக்கொள்ளுமாறு இறைவன் தன் திருமறையின் மிக நீண்ட வசனத்திலே கட்டளையிட்டிருக்கிறான். நம்மவர் நிலத்துக்கும் வீட்டுக்கும் பத்திரம் எழுதுகிறார்கள். கடிகாரம், தையல் இயந்திரம், செம்புப் பாத்திரம், அலமாரி, துப்பாக்கி முதலிய புழங்கு பொருள்களை எழுதுவதில்லை. பெண்மக்களின் பங்கு பெரும்பாலும் இத்தகைய பொருள்களிலேதான் சத்தமின்றிக் கரைகிறது. இல்லத்தில் மூத்தவர்கள் இருக்கும்போதே இது யாருடையது, எப்போது வந்தது, எதில் என்ன மாற்றப்பட்டது என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வைப்பது பெரிய வேலையன்று. எண் பொறித்த பொருளாயின் அதனைக் கவிழ்த்துப் பார்த்துத் தம் கண்ணால் கண்டதை எழுதுக. முன்னவர் எழுதியதைப் பார்த்து எழுதற்க. உரியவருக்கு உரியதை நம் காலத்திலேயே ஒப்படைத்துவிட்டுப் போகும் நல்வாய்ப்பை வல்ல இறைவன் நம் அனைவர்க்கும் அருள்வானாக!